பழனிக்கு என்று சொல்லிவிட்டேன்

ஜனவரி 8, திங்கள்

லென்ஸ் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் நானே வைத்துக்கொண்டேன். கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதுதான் காரணம். "அவசரப்படாதீங்க. ரெண்டு மூணு மாசம் உங்க தலையை நீங்களே கவனிச்சு எழுதி வைங்க. அப்புறம் ஆபரேஷன் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்."

ஆகவே இது முடியைப் பற்றிய டைரி. வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை. கடை மேஜையின் கீழ் டிராயரில், பழைய பவர் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும்.

பெயர் தினகரன். வயது முப்பத்தெட்டு. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு என் தலையில் ஒரு குறையும் தெரியாது. உச்சியில்தான், சுழி இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடி மெலிந்து தோல் தெரிகிறது. என் வேலையோ நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. கடையில் கேமரா என் தலைக்கு நேர் மேலே. அதன் திரை என் கண்ணுக்கு நேர் எதிரே. அதில் என் முகம் தெரியாது. ஒரு வட்டம் நாற்காலிக்கும் கவுன்ட்டருக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

நேற்று கோயம்புத்தூர் போனேன். கோகிலாவிடம் லென்ஸ் கம்பெனி மீட்டிங் என்று சொன்னேன். டாக்டர் ஷர்மிளா என்று ஒரு அம்மா. நிதானமாகப் பேசினார். பின்னந்தலையிலிருந்து வேரோடு எடுத்து உச்சியில் நடுவார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். தலை முழுக்க மொட்டை அடித்துக்கொண்டு வரவேண்டும். உச்சியில் முளைத்துத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். "நட்டதோட வேலை முடியாது. இருக்கிற முடியைக் காப்பாத்த மாத்திரை விடாம சாப்பிடணும்" என்றார். ஒன்றரை வருஷமாகச் சாப்பிடுகிறேன் என்றேன். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். மருந்துக் கடை நண்பர் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா. கடைசியில், குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதை எதற்குக் கேட்கிறார்களோ. இல்லை என்று டிக் அடித்தேன்.

ஜனவரி 13, சனி

சீப்பில் பதினோரு முடி.

ஜனவரி 21, ஞாயிறு

கோகிலாவின் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். அக்கா புருஷன் நந்தா, எனக்குச் சகலை, மொட்டை மாடியில் நின்றுகொண்டு பந்தி முழுவதையும் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். நான் குனிந்து சாம்பார் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். மத்தியானமே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். அதன் கீழே அவரே எழுதியது: "சேலம் ஏர்போர்ட் ரன்வே, வானிலிருந்து." பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். பதினாறு பேரும் யார் யார் என்று பார்த்தேன். கோகிலா அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். "நந்தா மாமாவுக்கு வேற வேலை இல்ல. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"எதை?" என்றேன்.

அவள் புடவை மாற்ற உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

முடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போன வாரம் போலவே இருக்கிறது.

இதையும் எழுதித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தரை வருஷம். குழந்தை இல்லை. போன தீபாவளியிலிருந்து கோகிலா டாக்டர் புனிதவதியிடம் போய்க்கொண்டிருக்கிறாள். மாதாமாதம் வயிற்றில் ஊசி. ஸ்கேன். டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாட்கள். அவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். முதல் பீரியடுக்கு முன்பே போய் வரிசையில் உட்கார்ந்து ஸ்கேன் முடித்துவிட்டு ஓடுவாள். ஊசியை மட்டும் வீட்டில் நான் போடுகிறேன். லென்ஸ் பிடித்துப் பழகிய கை, ஆடாது என்று அவளுக்கு நம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டு, "போட்டாச்சா?" என்று கேட்பாள். அதற்குள் போட்டிருப்பேன்.

இன்று காலையும் போட்டேன். பிறகு வாஷ்பேசின் பக்கம் போய் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கோகிலாவுக்கு அது வைட்டமின். டப்பாவின் மேல் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

டாக்டர் புனிதவதியிடம் என் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று போட்டிருக்கும். புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி நவம்பரிலேயே சொன்னார். கடையில் மாற்று ஆள் இல்லை. "அவருக்கு எல்லாம் நார்மல் டாக்டர், என்னை மட்டும் பாருங்க" என்று கோகிலாதான் சொன்னாள்.

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் குளியலறையிலிருந்து வந்து, "வந்துடுச்சுங்க" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை. மதியத்துக்கு எனக்குத் தக்காளி சாதம் கட்டி வைத்திருந்தாள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆத்தூரிலிருந்து அம்மா போன். அண்ணன் ராஜவேல் வீட்டில் இருக்கிறாள். "இந்த மாசமும் இல்லியா? அவ வம்சத்துலயே அப்படித்தானாமே. அவ சித்திக்குக்கூட எட்டு வருஷம் ஆச்சாம்" என்றாள். கடையில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தேன். கடையில் யாருமில்லை.

மார்ச் 3, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. முன்பணம் கட்டியாகிவிட்டது.

இனி மொட்டைக்குத்தான் ஒரு காரணம் வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏப்ரல்ல பழனிக்குப் போய் ஒரு மொட்டை போட்டுட்டு வரலாம்னு இருக்கேன். அப்படியே கோயம்புத்தூர்ல நாலு நாள் டிரெய்னிங்" என்றேன்.

"என்ன திடீர்னு?"

"ஒரு வேண்டுதல்."

கோகிலா என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். சுலபமாக முடிந்துவிட்டது.

மார்ச் 4, திங்கள்

முடியவில்லை.

கடையிலிருந்து வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது பிரச்சினையா என்றேன். இல்லை என்றாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை மாசமா உங்களுக்கு இதுல ஈடுபாடே இல்லையோன்னு நினைச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வேலை வேலைன்னு சொல்றீங்க. நான் மட்டும்தான் கிடந்து அல்லாடுறேன்னு இருந்துச்சு. நீங்க மனசுக்குள்ளேயே வேண்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்குத் தெரியாம போச்சு."

நான் காபியைக் குடித்தேன். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அதுக்கு இல்ல" என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பதிலாக, "நீ அழாத" என்றேன். அது அவள் நினைத்ததற்கு ஆமாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வேன் பிடித்துவிட்டான். அம்மா, அண்ணன், அண்ணி, நாங்கள் இரண்டு பேர். ஏப்ரல் 21, ஞாயிறு. "நீ தனியாப் போறதாவது. நல்ல காரியம், குடும்பத்தோட போகணும்" என்றான். ஞாயிறு பழனி, செவ்வாய் கோயம்புத்தூர். கணக்கு இடிக்கவில்லை. கிளினிக்கில் சொன்னபடி மொட்டையோடு போய்விடலாம்.

மார்ச் 18, திங்கள்

மாத்திரை அட்டையோடு ஒரு மடித்த தாள் வரும். அதை நான் படித்ததில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். மற்றவர்களிடம் சொல்லலாம். இந்த டைரியில் சொல்லி யாரை ஏமாற்றுவது?

படித்தேன். வாங்கிய முதல் வாரமே படித்தேன். பொடி எழுத்து படிப்பதுதான் என் பிழைப்பு. சில ஆண்களுக்கு விந்தணு குறையக்கூடும் என்று இருந்தது. நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும் என்றும் இருந்தது. 'சில' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிலரில் நான் இருக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டேன். புது ரிப்போர்ட் எடுக்காதவரை அது பொய்யாகவும் ஆகாது.

நேற்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்

குளிக்கும்போது கை நிறைய முடி வந்தது. மாத்திரையை விட்டு ஒரு வாரத்தில் கொட்டாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கை நிறைய வந்தது. ஆபரேஷன் முடியும் வரைக்கும் மட்டும் சாப்பிடுவோம் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கோகிலா தலை குளித்துவிட்டுக் கொடிக்குப் பக்கத்தில் நின்று கூந்தலைத் தட்டிக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே வரை இருக்கும். பெண் பார்க்கப் போன அன்று அம்மா கோகிலாவிடம் கேட்ட ஒரே கேள்வி, "சவுரியா, சொந்த முடியா?" என்பதுதான்.

"ஏங்க, நானும் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன்" என்றாள்.

"என்ன?"

"அத்தை என்னைப் பூமுடி குடுத்தா போதும்னு சொன்னாங்க. நான் முழுசாவே குடுத்துடறேன்."

"மொட்டையா?"

"ஏன், பொம்பளைங்க போடறதில்லையா? எங்க ஸ்கூல் ஆயாம்மாகூடப் போட்டுட்டு வந்தாங்க."

"வேண்டாம் கோகிலா. பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ரெண்டு நாள் சிரிப்பாங்க. லீவு வேற வருது."

"நான் போடறேன் இல்ல, அது போதும்."

"உங்களுக்கு முடின்னா எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடி முன்னாடி நீங்க தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அதையே நீங்க குடுக்கறப்போ எனக்கு மட்டும் என்ன?"

துண்டால் கூந்தலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரையில் அவள் கூந்தல் சொட்டிய ஈரம் இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

சொல்லலாம் என்று மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனேன். "இன்னும் அஞ்சு நாள் வெச்சுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே தலையில் வைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில். முடி காணிக்கை மண்டபத்தில் நீண்ட வரிசை. அண்ணன் இரண்டு சீட்டு வாங்கி வந்து, எனக்கு ஒன்று, கோகிலாவுக்கு ஒன்று கொடுத்தான். அம்மாவும் அண்ணியும் தூண் ஓரம் பையோடு உட்கார்ந்துகொண்டார்கள். பெண்களுக்கு முடி எடுக்கும் அம்மாக்கள் தனியாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கோகிலா பின்னலை அவிழ்த்துவிட்டு அந்த வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர். பிறகு மூன்று பேர். முடி எடுக்கும் அம்மா கோகிலாவின் முடியைப் பார்த்து, "இவ்வளவு முடியாம்மா?" என்றாள். கோகிலா சிரித்தாள்.

இரண்டு பேர் இருக்கும்போது நான் போய் அவள் கையைப் பிடித்தேன். "ஒரு நிமிஷம் வா" என்றேன். குழாயடி வரை வந்தாள்.

"இது வேண்டுதல் இல்ல கோகிலா."

"என்னது?"

"மொட்டை. நாளான்னைக்குக் கோயம்புத்தூர்ல எனக்கு ஆபரேஷன். உச்சியில முடி நடறதுக்கு. அதுக்கு மொட்டை அடிக்கணும். உன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம பழனின்னு சொல்லிட்டேன்."

என் தலையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரிக்கக்கூடச் செய்தாள். "இதுக்கா இவ்வளவு? என்கிட்ட சொன்னா என்னங்க? முடி வெச்சுக்கறது ஒரு குத்தமா? நானே கூட வந்திருப்பேனே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் அதை மன்னித்துவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அவள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "பரவாயில்ல, நான் என் வேண்டுதலை முடிச்சுட்டு வந்துடறேன்" என்று திரும்பினாள்.

"வைட்டமின்னு ஒண்ணு சாப்பிடறேன் இல்ல, அது முடிக்கு" என்றேன்.

"சரி."

"அது சாப்பிட்டா சிலருக்குக் குழந்தை ஆகறது தள்ளிப்போகும்."

குழாயில் ஒருவர் குழந்தையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கழுவி முடித்துப் போகும்வரை கோகிலா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசமா?"

"ஒன்றேமுக்கால் வருஷம்."

"எனக்கு ஊசி ஆரம்பிச்சப்போ உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா? உங்க கையால?"

 அவள் அவிழ்த்த முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தடவை நின்றது. தன் சீட்டை என் சட்டைப் பையில் வைத்தாள். "போங்க, உங்க நம்பர் வரப்போகுது. எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்துச் சிரைத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கோகிலாவைப் பார்த்தாள்.

"நீ போடலியா?"

"இல்லத்தை. எனக்கு வேண்டுதல் இல்ல."

மேலே போய்ச் சாமி பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று ஞாபகமில்லை. திரும்பி வரும்போது தாராபுரம் தாண்டி அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எம்புள்ள ஆம்பளை, அவனே குடுத்துட்டு வந்துட்டான். பெத்துக்கணும்னு ஆசை இருக்கிறவ முடியைப் பெருசா நினைப்பாளா?"

கோகிலா எனக்கு முன் சீட்டில் இருந்தாள். அவள் திரும்பவில்லை. காதில் விழுந்தது என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் டிரைவரிடம் ஏதோ வழி கேட்டான். அண்ணி தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சேலம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மூன்று மணி நேரமும் திறக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

கிளினிக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். கிளம்பிட்டீங்களா?"

வரவில்லை என்றேன்.

"வேற தேதி போடட்டுமா சார்?"

"வேண்டாம்மா. நான் படிவத்துல ஒரு கேள்விக்குத் தப்பா பதில் போட்டிருந்தேன். குழந்தைக்கு முயற்சி பண்றோம்."

"அப்படியா சார். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

முயற்சி பண்றோமா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லிவிட்டேன். கோகிலா நேற்றே ஒரு பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரை டப்பாவைத் திறந்து கக்கூஸில் கொட்டினேன்.

மே 6, திங்கள்

பரிசோதனை எடுத்தேன். ஆறு மாதமாக நேரமில்லாத வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இருக்கவேண்டிய எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாத்திரைதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றார் டாக்டர் புனிதவதி. என்னைத் திட்டவில்லை. கோகிலாவின் ஃபைலைப் புரட்டி, ஊசி போட்ட தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூடினார்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் கோகிலாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை.

மே 12, ஞாயிறு

மொட்டையில் முடி முளைத்துவிட்டது. உச்சியில் மட்டும் வட்டம் அப்படியே.

மே 19, ஞாயிறு

ஆத்தூர் போனேன். அண்ணனும் அண்ணியும் கடைவீதிக்குப் போகும்வரை காத்திருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, குறை என்கிட்டதான். கோகிலாகிட்ட ஒண்ணுமில்ல."

"யாரு சொன்னா?"

"டெஸ்ட் எடுத்துட்டேன். முடிக்கு மாத்திரை சாப்பிட்டேன். அது ஆகாதுன்னு தெரிஞ்சே சாப்பிட்டேன்."

அம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "இதை வெளியில சொல்லாத" என்றாள்.

"அண்ணன்கிட்டயும் சொல்லப்போறேன். வேன்ல நீ பேசினப்போ அவனும் இருந்தான்."

"நான் எங்கடா தப்பாப் பேசினேன்? நீ அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் பேசறேன்?"

அது நியாயம்தான்.  அடுத்த தண்டை ஒடித்தபடி அம்மா, "அவ எங்க?" என்று கேட்டாள். அக்கா வீட்டில் என்றேன். போன் போட்டுத் தரட்டுமா என்றேன்.

"போட்டா நான் என்னன்னு பேசறது?" என்றாள். கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அண்ணனிடமும் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

ஜூன் 8, சனி

கோகிலா வந்திருக்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கிருந்துதான் பக்கம் என்றாள். பையை ஹாலில் வைத்தாள். பாயையும் அங்கேயே போட்டுக்கொண்டாள்.

சாப்பிடும்போது, "அத்தை போன் பண்ணினாங்க" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அழுதாங்க. நான் வெச்சுட்டேன்."

ஜூலை 14, ஞாயிறு

வீட்டில் சண்டை இல்லை. உப்பு இருக்கிறதா, சிலிண்டர் வந்ததா, இவ்வளவுதான் பேச்சு. நந்தா குரூப்பில் ஏதோ ஜோக் போட்டிருந்தார். நான் படிக்கவில்லை. இதில் இனி முடியைப் பற்றி எழுதுவதற்கும் எதுவுமில்லை. கொட்டுகிறது.

ஆகஸ்ட் 31, சனி

இரண்டாவது பரிசோதனை. கோகிலாவை நான் கூப்பிடவில்லை. அவளாகவே கிளம்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

எண்ணிக்கை நன்றாக ஏறியிருக்கிறது. டாக்டர் புனிதவதி ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, "இது போதும். அடுத்த மாசம் மறுபடி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கோகிலாவைப் பார்த்தேன்.

"நான் யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றாள்.

"எத்தனை நாள் வேணும்மா?"

"தெரியல."

டாக்டர் சரி என்று ஃபைலை மூடினார்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. பக்கத்தில் இடமிருந்தது. உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் போனபிறகு, "கோகிலா, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன்.

"குழந்தையைப் பத்தியா, உங்களைப் பத்தியா?"

"ரெண்டும்."

"என்கிட்ட கேக்காதீங்க. எனக்குத் தோணுறப்போ நானே சொல்றேன். ஒரு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். நீங்க அதுவரைக்கும் கேக்காம இருக்கணும்."

"சரி" என்றேன்.

"முடியுமா?"

"இருக்கறேன்."

ஐந்து ரோட்டில் பஸ் நின்றது. நான் கடைக்கு இறங்கவேண்டும். எழுந்து படிக்கட்டுக்குப் போகும்போது, "சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு இதை அவள் கேட்டதில்லை.

எட்டு மணியாகும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தார், இறங்கிவிட்டேன்.